பெயரும் நினைவும்: கன்டெய்னருக்குள் ஒரு மெசேஜ் புரோக்கர்

நிரல்களுக்கிடையே செய்திகளை வாங்கிக் கடத்தும் மெசேஜ் புரோக்கர் மென்பொருளான ராபிட்எம்க்யூவை ஒரே கட்டளையில் எழுப்பிவிடலாம். இமேஜ் (மென்பொருளின் தயார்நிலைப் பொதி) இறங்கி முடிந்த சில நொடிகளில் 5672ஆம் போர்ட்டில் அது செய்திகளை வாங்கத் தொடங்கும். மேலாண்மைக்கான இமேஜைத் தேர்ந்திருந்தால் 15672ஆம் போர்ட்டில் அதன் பக்கமும் திறந்துகொள்ளும். இந்த எளிமையில் எனக்குக் குறையேதும் இல்லை. ஆனால் அந்த முதல் கட்டளைக்கும், ஒரு குழு மாதக்கணக்கில் நம்பி வேலை செய்யக்கூடிய உள்ளூர்ச் சூழலுக்கும் இடையே இருக்கும் தொலைவைப் பலரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். மெசேஜ் புரோக்கர் தன் பெயரையும் நினைவையும் நம்பி வாழும் மென்பொருள். தன்னை எந்த முகவரியில் அணுகலாம் என்று பிறருக்குச் சொல்வதும், தன்னிடம் ஒப்படைத்ததை மறக்காமல் வைத்திருப்பதும் அதன் அடிப்படை வேலைகள். ஒரு மென்பொருளைத் தனித்த பெட்டிக்குள் வைத்து ஓட்டும் கன்டெய்னரோ இதற்கு நேரெதிரான எண்ணத்தில் உருவானது: எந்த நொடியிலும் தூக்கி எறியலாம், அதே இமேஜிலிருந்து இன்னொன்றைப் பிறப்பிக்கலாம், பழையதன் பெயரும் நினைவும் புதியதற்குத் தேவையில்லை. உள்ளூரில் புரோக்கரை ஓட்டும்போது வரும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றை இந்த முரணிலிருந்தே விளக்கிவிடலாம் என்பது என் அனுபவம்.

இத்தனை தொல்லைக்குக் கன்டெய்னர் ஏன் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமான விடை உண்டு. ராபிட்எம்க்யூ எர்லாங் மொழியில் எழுதப்பட்டது. அதன் ஒவ்வொரு பதிப்பும் எர்லாங்கின் குறிப்பிட்ட சில பதிப்புகளோடு மட்டுமே ஒத்துப்போகும். இன்னொரு புரோக்கரான காஃப்காவுக்கு ஜாவா வேண்டும். ஒரே மடிக்கணினியில் இரண்டு திட்டங்கள் இரு வேறு பதிப்புகளைக் கேட்டால், நேரடி நிறுவல் சில நாட்களிலேயே சிக்கலாகிவிடும். இயக்கமுறைமையின் பொதி மேலாளர் ஓர் இரவில் பதிப்பை உயர்த்திவிட்டால், மறுநாள் காலை யாருடைய கணினியில் எது ஓடுகிறது என்றே தெரியாது. கன்டெய்னர் இந்தத் தலைவலியை முழுவதுமாகத் தீர்க்கிறது. ஆகவே அதை விடுவதற்கில்லை; அதன் மறதியை எங்கே ஏற்பது, எங்கே தடுப்பது என்று முடிவுசெய்வதுதான் நம் பொறுப்பு.

முதலில் பெயர். ராபிட்எம்க்யூவின் ஒவ்வொரு கணுவுக்கும் (ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பிரதிக்கும்) ஒரு பெயர் உண்டு. வழக்கமாக அது 'ராபிட்' என்ற சொல்லோடு கணினியின் ஹோஸ்ட்நேமை (வலையமைப்பில் அதன் பெயரை) சேர்த்து உருவாகிறது. தரவை வைக்கும் அடைவுக்கும் அந்தப் பெயரே சூட்டப்படுகிறது. கன்டெய்னருக்கு நாமாக ஹோஸ்ட்நேம் கொடுக்காவிட்டால், கன்டெய்னர்களை ஓட்டும் மென்பொருளான டாக்கர் அதன் அடையாள எண்ணின் முதல் பகுதியையே ஹோஸ்ட்நேமாக்கும். கன்டெய்னரை அழித்து மறுபடி உருவாக்கினால் எண் மாறும், கணுவின் பெயர் மாறும், தரவு அடைவும் மாறும். கன்டெய்னர் அழிந்தாலும் தரவு தங்கும் இடமான வால்யூமை ஒழுங்காக இணைத்திருந்தாலும் புதிய கணு தன் பெயரிலான அடைவைத் தேடிப் பார்த்து, அது இல்லாததால் வெறும் தரவுத்தளத்தோடு தொடங்கிவிடும். செய்திகள் காத்திருக்கும் பழைய வரிசைகள், பயனர்கள், தேங்கிய செய்திகள் எல்லாம் அதே வால்யூமில் பத்திரமாக இருக்கும். ஆனால் அவற்றைத் தேடி யாரும் வரமாட்டார்கள்.

இதன் மோசமான பக்கம், அது உடனே வெளிப்படாததுதான். கன்டெய்னரை நிறுத்தித் தொடங்கும்போது எண் மாறாது; ஆகவே எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். பல கன்டெய்னர்களை ஒன்றாக இயக்கும் கம்போஸ் கருவியின் கோப்பில் ஒரு சூழல் மாறியைத் திருத்தினாலோ புதிய இமேஜை இறக்கினாலோ, கம்போஸ் அந்தக் கன்டெய்னரை அழித்து மறுபடி உருவாக்கும். அப்போதுதான் வரிசைகள் மறைந்துபோகும். பழி அன்றைக்குத் திருத்திய மாறியின் மீது விழும். தீர்வு ஒரே வரி: கம்போஸ் கோப்பில் ஹோஸ்ட்நேமை நிலையாக எழுதிவைப்பது. வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள் என்பேன்.

வால்யூம் பற்றிய இன்னொரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ராபிட்எம்க்யூவின் அதிகாரபூர்வ இமேஜ் தன் தரவு அடைவை வால்யூமாக அறிவித்திருக்கிறது. நாம் பெயரிட்ட வால்யூம் எதையும் இணைக்காவிட்டால், ஒவ்வொரு புதிய கன்டெய்னருக்கும் பெயரற்ற வால்யூம் ஒன்றை டாக்கர் சத்தமில்லாமல் உருவாக்கும். கன்டெய்னரை அழித்த பிறகும் அவை வட்டில் தங்கி, மெல்ல மெல்ல இடத்தை விழுங்கும். அதே வேளையில், நம் கணினியின் அடைவு ஒன்றை நேரடியாக உள்ளே இணைப்பதையும் நான் பரிந்துரைப்பதில்லை. தரவு அடைவில்தான் எர்லாங் குக்கீ என்ற ரகசியக் கோப்பும் இருக்கிறது; அதன் உரிமையாளரைத் தவிர வேறு யாருக்கும் அதைப் படிக்கும் அனுமதி இருக்கக் கூடாது என்பதில் எர்லாங் கண்டிப்பானது. கணினிக்கும் கன்டெய்னருக்கும் இடையே கோப்பு அனுமதிகள் வேறுபட்டுத் தெரியும் சூழல்களில், அந்தக் கண்டிப்பு புரோக்கரை எழவே விடாது. பெயரிட்ட வால்யூமில் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

காஃப்காவில் பெயர்ச் சிக்கல் வேறு முகத்தோடு வருகிறது. புதியவர்களை இதைவிட அதிகமாக அலைக்கழிக்கும் ஒன்றை நான் பார்த்ததில்லை. காஃப்காவோடு கிளையன்ட் (அதைப் பயன்படுத்தும் நிரல்) பேசுவது இரண்டு கட்டங்களாக நடக்கிறது. முதலில், நாம் கொடுத்த முகவரியில் ஏதாவது ஒரு புரோக்கரைத் தொடர்புகொண்டு, கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள், செய்திப் பதிவின் எந்தப் பகுதிக்கு (பார்ட்டிஷனுக்கு) யார் தலைவர் என்று கேட்கிறது. புரோக்கர் விடையாகப் பட்டியல் ஒன்றைத் தருகிறது. அதன்பின் கிளையன்ட் நாம் கொடுத்த முகவரியை ஒதுக்கிவிட்டு, பட்டியலில் வந்த முகவரிகளுக்குச் சென்றே செய்திகளை எழுதவும் படிக்கவும் செய்கிறது. அந்தப் பட்டியலில் புரோக்கர் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்பதை நிர்ணயிப்பதுதான் அட்வர்டைஸ்டு லிசனர்ஸ் என்ற அமைப்பு.

இப்போது கன்டெய்னருக்கு வருவோம். புரோக்கர் தன்னை 'லோக்கல்ஹோஸ்ட், 9092' என்று அறிவித்துக்கொண்டால், மடிக்கணினியில் நேரடியாக ஓடும் நிரலுக்கு அது சரியான முகவரி. ஆனால் அதே கம்போஸ் வலையமைப்பில் இன்னொரு கன்டெய்னருக்குள் ஓடும் நிரலுக்கு லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்த நிரலின் கன்டெய்னரையே குறிக்கும். அங்கே காஃப்கா இருக்காது. மாறாக, கம்போஸில் உள்ள சேவைப் பெயரான 'காஃப்கா' என்று அறிவித்தால், கன்டெய்னர்கள் அனைத்தும் மகிழ்ச்சியாக இருக்கும். மடிக்கணினிக்கு அப்படி ஒரு பெயரே தெரியாது. இரண்டு நிலைகளிலும் முதல் இணைப்பு வெற்றிபெறும் என்பதுதான் குழப்பத்தின் வேர். போர்ட் திறந்திருக்கிறதா என்று எந்தக் கருவியால் சோதித்தாலும் 'திறந்திருக்கிறது' என்றே விடை வரும். நிரலோ நேரங்கடந்த பிழையைக் காட்டிக்கொண்டே இருக்கும். வலையமைப்பில் பழுதில்லை என்று நிரூபித்துவிட்டதால், தேடல் தவறான திசையில் நெடுந்தூரம் போய்விடும்.

சரியான வழி இரண்டு லிசனர்களை வைப்பது. ஒன்று, கன்டெய்னர் வலையமைப்புக்குள் சேவைப் பெயரோடு 19092 போன்ற ஒரு போர்ட்டில். மற்றொன்று, வெளியுலகத்துக்கு லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயரோடு 9092இல். கிளையன்ட் எந்த லிசனர் வழியாக உள்ளே வந்ததோ, அந்த லிசனருக்கு உரிய முகவரியையே புரோக்கர் திருப்பித் தரும் என்பதால் இரு தரப்பும் தத்தமக்குப் புரியும் பெயரைப் பெறுகின்றன. போர்ட் எண்ணிலும் இதே கவனம் வேண்டும். கணினியில் 9092 ஏற்கெனவே வேறொன்றால் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று போர்ட் இணைப்பை மட்டும் 29092க்கு மாற்றினால் போதாது. புரோக்கர் இன்னமும் 9092 என்றே அறிவித்துக்கொண்டிருக்கும். அறிவிப்பையும் சேர்த்து மாற்ற வேண்டும். சிலர் தங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் 'காஃப்கா' என்ற பெயரை எழுதி இதைக் கடந்துவிடுகிறார்கள். அது வேலை செய்யும். ஆனால் அந்த வரி எந்தக் களஞ்சியத்திலும் பதிவாகாது. அடுத்து குழுவில் சேர்பவர் அதே சுவரில் மோதுவார். எனக்கு அந்த வழி பிடிப்பதில்லை.

வழக்கமான ஏஎம்க்யூபி நெறிமுறையில் கிளையன்ட் ஒரே இணைப்பில் எல்லாவற்றையும் முடித்துக்கொள்வதால் ராபிட்எம்க்யூவில் இந்தத் தொல்லை இல்லை என்று நிம்மதியடையலாம். ஆனால் அதன் ஸ்ட்ரீம் வசதியை 5552ஆம் போர்ட்டின் தனி நெறிமுறையில் பயன்படுத்தத் தொடங்கினால், அங்கும் புரோக்கர் தன் முகவரியை அறிவிக்கும் வழக்கம் உண்டு. கன்டெய்னரின் ஹோஸ்ட்நேம் வெளியே வந்து நிற்கும். தரவுச் சேமிப்பு மென்பொருளான ரெடிஸைக் கிளஸ்டராக (பல கணுக்களின் கூட்டமாக) ஓட்டும்போதும் இதே கதைதான். எந்தக் கிளையன்ட் 'உன் தோழர்கள் எங்கே' என்று கேட்டு அந்த விடையை நம்பிச் செல்கிறதோ, அங்கெல்லாம் இந்தக் கேள்வி காத்திருக்கும்.

காஃப்காவை ஒற்றைக் கணுவாக ஓட்டுவதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பழைய வழிகாட்டிகளில் ஜூகீப்பர் என்ற துணைச் சேவை இல்லாமல் காஃப்கா எழாது. அதற்கு மாற்றாக வந்த கேராஃப்ட் முறை 2022இல் வெளிவந்த 3.3ஆம் பதிப்பில் உற்பத்திக்கு (உண்மையான பயனர்களுக்காக ஓடும் சூழலுக்கு) ஏற்றதாக அறிவிக்கப்பட்டது. 2025இல் வந்த 4.0ஆம் பதிப்பில் ஜூகீப்பர் முற்றிலும் நீக்கப்பட்டது. அப்பாச்சி திட்டமே வெளியிடும் அதிகாரபூர்வ இமேஜ் 2024இல் 3.7ஆம் பதிப்போடு வந்தது. எனவே இரண்டு சேவைகளோடு எழுதப்பட்ட பழைய கம்போஸ் கோப்புகளை எங்கிருந்தாவது எடுத்து ஒட்டுவதற்கு இப்போது அவசியமில்லை.

அந்த அதிகாரபூர்வ இமேஜை எந்த அமைப்பும் கொடுக்காமல் ஓட்டினால் ஒற்றைக் கணுவுக்கு ஏற்ற இயல்பு அமைப்புகளோடு எழும். ஆனால் சூழல் மாறி வழியாக ஒரே ஓர் அமைப்பை மாற்றினாலும், அந்த இயல்பு அமைப்புகள் ஒட்டுமொத்தமாகக் கைவிடப்படும். லிசனரைத் திருத்துவதற்காக ஒரு வரி சேர்த்தவருக்கு, செய்திகளைப் பகிர்ந்து படிக்கும் நுகர்வோர் குழுக்களின் ஆஃப்செட்டுகளை (எதுவரை படித்தாயிற்று என்ற குறிப்புகளை) சேமிக்கும் உள் டாபிக்கின் (தலைப்பிட்ட செய்திப் பதிவின்) பிரதி எண்ணிக்கை காஃப்காவின் பொது இயல்பான 3க்குத் திரும்பிவிட்டது என்பது தெரிய வராது. ஒரே புரோக்கர் இருக்கும் இடத்தில் மூன்று பிரதிகளை உருவாக்க முடியாது. விளைவு விசித்திரமானது: செய்திகளை அனுப்பும் புரொடியூசர் எந்தக் குறையுமின்றி எழுதும், அவற்றைப் படிக்கும் கன்சூமர் மட்டும் குழுவில் சேர முடியாமல் பேசாமல் காத்திருக்கும். அந்த எண்ணிக்கையையும், பரிவர்த்தனைப் பதிவுக்கான பிரதி எண்ணிக்கையையும் அதன் குறைந்தபட்ச ஒத்திசைவு எண்ணையும் 1 என்று வெளிப்படையாக எழுதிவிட வேண்டும். குழு முதன்முறை அமையும்போது மற்றவர்களுக்காகக் காத்திருக்கும் 3 நொடித் தாமதத்தையும் சுழியமாக்கிவிட்டால், சோதனைகள் ஓட்டும்போது பொறுமை மிச்சமாகும்.

இனி நினைவு. உள்ளூர் புரோக்கர் எதையெல்லாம் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு என் விடை சற்றுப் பிடிவாதமானது: செய்திகளை மறக்கட்டும், வடிவத்தை மறக்கக் கூடாது. எந்தெந்த வரிசைகள், செய்திகளை அவற்றுக்குப் பிரித்தனுப்பும் எக்ஸ்சேஞ்சுகள், இரண்டையும் இணைக்கும் பைண்டிங்குகள், டாபிக்குகள், பார்ட்டிஷன்கள் என்பதுதான் வடிவம். அது வால்யூமில் தற்செயலாகத் தங்கியிருக்கக் கூடாது. களஞ்சியத்தில் கோப்பாக இருக்க வேண்டும். நேற்று யாரோ மேலாண்மைப் பக்கத்தில் கையால் சேர்த்த ஒரு பைண்டிங்கை நம்பி இன்று ஒரு நிரல் ஓடுகிறது என்றால், அந்த நிரல் இன்னொருவரின் கணினியில் ஓடாது.

ராபிட்எம்க்யூவில் இதற்கான வழி நன்றாகவே அமைந்திருக்கிறது. வரையறைகளை ஜேசான் கோப்பாக ஏற்றுமதி செய்து, கன்டெய்னர் தொடங்கும்போது அதை ஏற்றச் சொல்லலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: இப்படி வரையறைக் கோப்போடு தொடங்கும் கணு, 'கெஸ்ட்' என்ற இயல்புப் பயனரைத் தானாக உருவாக்காது. கோப்பில் பயனரும், மெய்நிகர் ஹோஸ்டும் (புரோக்கருக்குள் பிரித்துவைத்த தனிப் பகுதியும்), அனுமதிகளும் இல்லாவிட்டால் வரிசைகள் எல்லாம் சரியாக இருக்க, உள்ளே நுழையத்தான் யாராலும் முடியாது. வரையறைகளை முன்கூட்டி ஏற்றுவதால் இன்னொரு நன்மையும் உண்டு. எந்த வரிசையோடும் இணைக்கப்படாத எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும் செய்தியை ராபிட்எம்க்யூ ஓசையின்றிக் கைவிட்டுவிடும். அனுப்பியவர் கட்டாயக் கொடியை வைத்திருந்தால் மட்டுமே அது திருப்பி அனுப்பப்படும். வரிசையைக் கன்சூமரே அறிவிக்கும் அமைப்பில், ஒவ்வொரு முறையும் வெறுமையாக எழும் புரோக்கரில் புரொடியூசர் முந்திக்கொண்டால், முதல் சில செய்திகள் காற்றில் போகும். வடிவம் முன்பே இருந்தால் யார் முந்தினாலும் கவலையில்லை.

காஃப்காவில் இதற்கு இணையான ஆபத்து, டாபிக்குகள் தாமாகவே உருவாகும் வசதி. இயல்பாகவே அது இயக்கத்தில் இருக்கிறது. டாபிக்கின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை செய்தால் பிழைச் செய்தி வராது; பிழையான பெயரில் புதிய டாபிக் பிறக்கும். அதைவிட முக்கியமாக, அப்படிப் பிறக்கும் டாபிக்குக்கு இயல்பாக ஒரே ஒரு பார்ட்டிஷன்தான். ஒற்றைப் பார்ட்டிஷனில் எல்லாச் செய்திகளும் எழுதிய வரிசையிலேயே வந்து சேரும். அதனால் வரிசை முறை காஃப்காவின் பொது உத்தரவாதம் என்று நம் நிரல் நம்பத் தொடங்கிவிடும். உண்மையில் அந்த உத்தரவாதம் பார்ட்டிஷனுக்குள் மட்டுமே. ஒரே வாடிக்கையாளரைப் பற்றிய இரண்டு செய்திகளுக்கு வெவ்வேறு சாவி கொடுத்திருந்தால், உற்பத்திச் சூழலில் பின்னது முன்னதாக வரக்கூடும். உள்ளூரில் அந்தப் பிழை ஒருபோதும் தலைகாட்டாது. எனவே தானாக உருவாகும் வசதியை அணைத்துவிட்டு, ஒரு சிறிய தொடக்கக் கன்டெய்னரின் மூலம் டாபிக்குகளைப் பல பார்ட்டிஷன்களோடு உருவாக்குவதே என் வழக்கம். உற்பத்தியில் இருக்கும் அதே எண்ணிக்கை தேவையில்லை. ஒன்றுக்கு மேல் இருந்தாலே பாதிப் பொய் அகன்றுவிடும்.

செய்திகளை மறக்கச் சொல்வதற்கும் ஒரு விலை உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. ராபிட்எம்க்யூவில் ஏற்கெனவே இருக்கும் வரிசையை வேறு பண்புகளோடு மறுபடி அறிவித்தால், 406 என்ற பிழையோடு சேனல் மூடப்படும். நாள்தோறும் வெறுமையாகத் தொடங்கும் புரோக்கரில், வரிசையின் பண்பை மாற்றும் திருத்தம் எந்தத் தடையுமின்றிச் செல்லும். உற்பத்திக்குப் போனதும் அங்கே பழைய வரிசை காத்திருக்கும். இதற்காக உள்ளூரில் எப்போதும் பழைய தரவைச் சுமக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வரையறைக் கோப்பில் திருத்தம் வரும்போது மட்டும், முதன்மைக் கிளையின் வடிவத்தோடு புரோக்கரை எழுப்பி அதன் மீது புதிய நிரலை ஓட்டிப் பார்ப்பது போதுமானது.

காஃப்காவில் மறதிக்கான விலை வேறு இடத்தில் வசூலாகிறது. சேமித்த ஆஃப்செட் இல்லாத குழு எங்கிருந்து படிக்க வேண்டும் என்பதற்கான இயல்பு விடை 'இனி வருபவற்றை மட்டும்' என்பதே. புதிய புரோக்கரில் எந்தக் குழுவுக்கும் ஆஃப்செட் இருக்காது. கன்சூமர் எழுவதற்கு முன் எழுதப்பட்ட செய்திகள் டாபிக்கில் இருந்தும், அதன் கண்ணில் படாது. 'செய்தி தொலைந்துவிட்டது' என்ற புகாரைக் கேட்டால் நான் முதலில் பார்ப்பது இந்த அமைப்பைத்தான்.

நேட்ஸ் என்ற இன்னொரு புரோக்கர் பற்றி ஒரு வரி. அதன் இமேஜ் மிகச் சிறியது, நொடிக்குள் எழும். சேமிப்பு தேவையென்றால் ஜெட்ஸ்ட்ரீம் என்ற அதன் சேமிப்பு வசதியைத் தனியாக இயக்க வேண்டும், சேமிப்பு இடத்தைச் சொல்லாவிட்டால் அது தற்காலிக அடைவில் எழுதும், கன்டெய்னரோடு அதுவும் போகும்.

பதிப்பைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் நினைவும் பதிப்பும் பிணைந்தவை. 'லேட்டஸ்ட்' என்ற குறியோடு இமேஜை இறக்கினால், ஒரு நாள் பெரிய பதிப்பு மாறும். ராபிட்எம்க்யூவின் 4.0ஆம் பதிப்புக்கு மாறுவதற்கு முன், 3.13இல் எல்லா நிலையான வசதிக் கொடிகளும் (புதிய வசதிகளை இயக்கும் சுவிட்சுகளும்) இயக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய வால்யூமின் மீது புதிய கணு எழ மறுக்கும். அதே 4.0இல் பழைய பிரதிபலிப்பு வரிசைகள் நீக்கப்பட்டு, கணுக்கள் பெரும்பான்மையால் ஒத்துப்போகும் ராஃப்ட் வழிமுறையில் அமைந்த குவோரம் வரிசைகள் அவற்றின் இடத்தைப் பிடித்துவிட்டன. காஃப்காவின் வால்யூமிலும் கிளஸ்டரின் அடையாளம் எழுதிவைக்கப்பட்டிருக்கும். அமைப்பில் கொடுத்த அடையாளம் அதனோடு பொருந்தாவிட்டால் அதுவும் எழாது. உற்பத்தியில் ஓடும் பதிப்பின் எண்ணை அப்படியே கம்போஸ் கோப்பில் எழுதுவதைத் தவிர வேறு சமரசம் எனக்குத் தெரியவில்லை.

எழுந்துவிட்டது என்பதும் தயார் என்பதும் ஒன்றல்ல. கம்போஸில் ஒரு சேவை இன்னொன்றைச் சார்ந்தது என்று மட்டும் எழுதினால், சார்ந்திருக்கும் கன்டெய்னர் தொடங்கியதையே அது பார்க்கும். உள்ளே புரோக்கர் இணைப்புகளை ஏற்கிறதா என்று பார்க்காது. நலச் சோதனையைச் சேர்த்து, அது வெற்றிபெற்ற பிறகே அடுத்ததைத் தொடங்கு என்று நிபந்தனை வைக்கலாம். ராபிட்எம்க்யூவின் 'பிங்' சோதனை எர்லாங் இயக்கச் சூழல் உயிரோடு இருப்பதை மட்டுமே சொல்லும். போர்ட்டுகளை எட்ட முடிகிறதா என்று பார்க்கும் சோதனையே நமக்குப் பயன்படும். அந்தச் சோதனைக் கருவி ஒவ்வொரு முறையும் தனி எர்லாங் இயக்கச் சூழலை எழுப்புகிறது என்பதால், நொடிக்கொரு முறை அதை ஓட்டினால் மடிக்கணினியின் விசிறி சுழலத் தொடங்கிவிடும். இதையெல்லாம் செய்தாலும், நிரல் தானாகவே மீண்டும் மீண்டும் இணைய முயல வேண்டும் என்பதே என் கருத்து. தொடங்கும்போது புரோக்கருக்காகக் காத்திருக்கத் தெரியாத நிரலுக்கு, நடுவில் புரோக்கர் மறைந்தால் என்ன செய்வதென்றும் தெரியாது.

அந்த நடுவில் மறைவதைச் செய்துபார்க்க முடிவதுதான் கன்டெய்னர்களின் உண்மையான கொடை. உற்பத்திச் சூழலில் யாரும் துணியாததை இங்கே ஒரு கட்டளையில் செய்யலாம். நிறுத்து என்ற கட்டளை முதலில் மென்மையான சிக்னலை அனுப்பி, 10 நொடி பொறுத்து, பிறகே கொல்லும். அந்த 10 நொடியில் நம் கன்சூமர் கையில் இருக்கும் வேலையை முடித்து விடைபெறுகிறதா என்று பாருங்கள். பல நேரங்களில் விடைபெறாது. காரணம், இமேஜில் தொடக்கக் கட்டளை ஷெல் வடிவில் எழுதப்பட்டிருப்பதால், சிக்னல் ஷெல்லோடு நின்றுவிட்டு நிரலை எட்டாமல் போவதுதான். உற்பத்தியில் ஒவ்வொரு புதிய வெளியீட்டின்போதும் இதேதான் நடந்துகொண்டிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

கொல் என்ற கட்டளை எந்த முன்னறிவிப்பும் தராது. கன்சூமர் ஒரு செய்தியைப் பாதி முடித்திருக்கும்போது அதைக் கொன்றால், ஒப்புதல் கிடைக்காத செய்திகளை ராபிட்எம்க்யூ வரிசைக்குத் திருப்பி, மறுவிநியோகம் என்ற குறியோடு இன்னொரு கன்சூமருக்குக் கொடுக்கும். தரவுத்தளத்தில் வரி எழுதப்பட்டுவிட்டது, ஒப்புதல் மட்டும் போகவில்லை என்ற நிலையில் அதே வரி இரண்டாம் முறையும் எழுதப்படுகிறதா என்பதை அப்போது கண்ணால் பார்க்கலாம்.

ஆனால் எனக்குப் பிடித்தது மூன்றாவது கட்டளை: இடைநிறுத்து. அது கன்டெய்னரின் செயல்முறைகளை உறையவைக்கிறது, இணைப்புகள் மூடப்படுவதில்லை. புரோக்கரின் பார்வையில் கன்சூமர் உயிரோடுதான் இருக்கிறது, பேசத்தான் இல்லை. ராபிட்எம்க்யூவின் வழக்கமான 60 நொடி ஹார்ட்பீட் (உயிரோடு இருப்பதைச் சொல்லும் துடிப்பு) காலம் கடந்த பிறகே அது இணைப்பைத் துண்டித்து, செய்திகளை மற்றவருக்குக் கொடுக்கும். காஃப்காவில் 3.0ஆம் பதிப்பிலிருந்து இந்தக் காலம் இயல்பாக 45 நொடி. இப்போது உறைந்த கன்சூமரை மறுபடி இயக்கினால் என்ன ஆகும்? உலகம் மாறியதை அறியாமல், கையில் இருந்த செய்தியை அது தொடர்ந்து செயலாக்கும். அதே செய்தியை இன்னொரு கன்சூமர் ஏற்கெனவே முடித்திருக்கும். பழையது ஒப்புதல் அனுப்ப முயலும்போதுதான் இணைப்பு இல்லை என்று அதற்குத் தெரியும். அதற்குள் மின்னஞ்சல் இரண்டாம் முறை போயிருக்கும். நீண்ட குப்பைச் சேகரிப்பு இடைவேளையிலோ மெய்நிகர் இயந்திரம் தடுமாறும்போதோ உற்பத்தியில் நிகழ்வது இதுவே. இந்த ஒரு சோதனைக்காகவே உள்ளூர் புரோக்கரைப் பராமரிக்கலாம்.

இந்தச் சோதனைகளை ஒரே கன்சூமரோடு செய்து பயனில்லை. கம்போஸில் கன்சூமர் சேவையை மூன்றாகப் பெருக்கிப் பாருங்கள். ராபிட்எம்க்யூவில் ப்ரீஃபெட்ச் வரம்பு (ஒப்புதலுக்கு முன் ஒரு கன்சூமர் எத்தனை செய்திகளை வாங்கலாம் என்ற எல்லை) வைக்காவிட்டால், முதலில் வந்த கன்சூமரே தேங்கிய செய்திகளையெல்லாம் அள்ளிக்கொள்ள, மற்ற இரண்டும் வேலையற்று நிற்பதைக் காண்பீர்கள். உள்ளூரிலும் குவோரம் வரிசையையே அறிவியுங்கள். ஒற்றைக் கணுவிலும் அது ஓடும். தொடர்ந்து தோல்வியுறும் செய்தி சாதாரண வரிசையில் முடிவின்றிச் சுழலும், 4.0இன் குவோரம் வரிசையிலோ 20 என்ற இயல்பு வரம்பைக் கடந்ததும் அது அகற்றப்படும், கைவிடப்பட்ட செய்திகளுக்கான டெட் லெட்டர் எக்ஸ்சேஞ்ச் வைத்திருந்தால் அங்கே போகும். அது எங்கே போகிறது என்பதை முதன்முதலில் உற்பத்தியில் தெரிந்துகொள்ளக் கூடாது.

வளங்களைப் பொறுத்தவரை இரண்டு மூன்று இடங்களில் மட்டும் கவனம் போதும். காஃப்காவின் தொடக்க நிரல் இயல்பாக 1 ஜிபி ஹீப் (ஜாவாவுக்கான நினைவகம்) கேட்கும். உள்ளூருக்கு அதைப் பாதியாக்கலாம். ராபிட்எம்க்யூவுக்கு நினைவக வரம்பை விகிதமாகச் சொல்வதைவிடத் திட்டமான எண்ணாகச் சொல்வது நல்லது. திறந்த கோப்புகளுக்கான வரம்பை மிகப் பெரிதாக வைத்திருக்கும் லினக்ஸ் அமைப்புகளில், அந்த வரம்பைப் பார்த்தே எர்லாங் தன் அட்டவணையின் அளவை நிர்ணயிப்பதால், எந்த வேலையும் செய்யாத புரோக்கர் நினைவகத்தை விழுங்கி உட்கார்ந்திருக்கும். கம்போஸில் அந்த வரம்பைக் குறைத்தால் சரியாகும். வட்டில் காலி இடம் 50 எம்பிக்குக் கீழே போனால் ராபிட்எம்க்யூ புரொடியூசர்களைத் தடுத்துவிடும். பிழை எதுவும் வராது, செய்தி அனுப்பும் வரியில் நிரல் உறைந்து நிற்கும். டாக்கரின் மெய்நிகர் வட்டு நிரம்பியிருக்கிறதா என்று அப்போது பார்க்க வேண்டும். முன்பு சொன்ன பெயரற்ற வால்யூம்கள் பெரும்பாலும் அங்கேதான் குவிந்திருக்கும்.

போர்ட்டுகளை வெளியிடும்போது 127.0.0.1 என்ற முகவரியைச் சேர்த்தே எழுதுங்கள். அதில்லாமல் எழுதினால் டாக்கர் எல்லா வலையமைப்பு முகப்புகளிலும் போர்ட்டைத் திறக்கும். லினக்ஸில் அது தன் ஐபிடேபிள்ஸ் விதிகளை நேரடியாக எழுதுவதால், யூஎஃப்டபிள்யூ போன்ற தீயரண் தடுப்பதாகத் தோன்றினாலும் தடுப்பதில்லை. ராபிட்எம்க்யூ தன்னளவில் 'கெஸ்ட்' பயனரை உள்ளூர் இணைப்புகளுக்கு மட்டுமே அனுமதிக்கும். ஆனால் அதிகாரபூர்வ டாக்கர் இமேஜ் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியிருக்கிறது.

உற்பத்தியில் மேகச் சேவை ஒன்றின் வரிசையைப் பயன்படுத்துபவர்களுக்கு மாற்று மென்பொருள்கள் உண்டு. அமேசானின் வரிசைச் சேவையான எஸ்க்யூஎஸ் போலவே பேசும் எலாஸ்டிக்எம்க்யூ, பல சேவைகளைப் போலி செய்யும் லோக்கல்ஸ்டாக், காஃப்காவின் நெறிமுறையைப் பேசும் சி++ மொழியிலான ரெட்பாண்டா ஆகியவை பயனுள்ளவை. அழைப்புகளின் வடிவம் சரியா என்று பார்க்க இவை போதும். அனுமதிகள், அளவு வரம்புகள், தாமதங்கள் ஆகியவற்றில் இவற்றின் சொல்லை நான் நம்புவதில்லை.

தானியங்கிச் சோதனைகளுக்கு, சோதனை நிரலிலிருந்தே கன்டெய்னர்களை எழுப்பும் டெஸ்ட்கன்டெய்னர்ஸ் நூலகம் பொருத்தமானது. ஒரே நேரத்தில் பல சோதனைகள் மோதாமல் இருக்க அது தற்செயலான போர்ட்டுகளைத் தருகிறது. காஃப்காவுக்கு இது சங்கடம்: புரோக்கர் எழுவதற்கு முன்பே தன் வெளி முகவரியை அறிந்திருக்க வேண்டும், ஆனால் கன்டெய்னர் ஓடத் தொடங்கிய பின்பே போர்ட் எண் தெரியும். அந்த நூலகம் இதைத் தீர்க்கும் விதம் ரசிக்கத்தக்கது. கன்டெய்னரைத் தொடங்கி, ஒரு தொடக்கக் கோப்பு வரும்வரை உள்ளே வெறுமனே காத்திருக்கச் செய்கிறது. போர்ட் எண் தெரிந்ததும் அதைப் பொதிந்து கோப்பை உள்ளே அனுப்புகிறது. அதன் பிறகே காஃப்கா எழுகிறது. ஒவ்வொரு சோதனைக்கும் இப்படிப் புதிய புரோக்கரை எழுப்புவது வீண் செலவு. முழுத் தொகுப்புக்கும் ஒரே புரோக்கரை வைத்துக்கொண்டு, ராபிட்எம்க்யூவில் சோதனைக்கொரு மெய்நிகர் ஹோஸ்டையும், காஃப்காவில் சோதனைக்கொரு டாபிக் பெயரையும் குழுப் பெயரையும் கொடுத்துவிட்டால், ஒன்றின் செய்தி இன்னொன்றின் கைக்குப் போகாது.